ஐந்தாவதின் முதுகு

தண்ணீர் தாடைக்கு மேலே ஏறக் கூடாது, அதற்கு ரொம்பக் கீழே குறைந்தாலும் பிரயோஜனம் இல்லை, முழங்கையை முக்கிப் பார்த்தேன், கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு, சரியாக இருக்கிறது, ஆமைக்குஞ்சு எட்டையும் ஒவ்வொன்றாக டப்புக்குள் இறக்கிவிட்டாயிற்று, இனி அரை மணி நேரம் அவை ஊற வேண்டும், நான் இந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், காலையில் என் வேலை அதுதான். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு. ஏழரைக்கு டாக்டரம்மா வருவார். ஆறு மாதப் பிரசவ லீவு முடிந்து இன்றைக்குத்தான் வருகிறார், வந்ததும் முதலில் ஆமைக்குஞ்சுகளைத்தான் பார்ப்பேன் என்று நேற்றே பண்ணை ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். பார்க்கட்டும். பார்ப்பதற்கு என்ன. குஞ்சு என்று வாய்தான் சொல்கிறது, ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு இருக்கிறது, போன வருஷம் ஆனி மாதம் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தபோது எலுமிச்சம்பழம்தான். இவற்றின் அப்பன் அந்த மூங்கில் வேலிக்குப் பின்னால் கிடக்கிறான், இருநூறு கிலோ, நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது, எங்கேயோ நடுக்கடலில் இருக்கிற தீவு ஜாதியாம், அவன் மூச்சு விட்டால் இங்கே எனக்குக் கேட்கும், பழைய பஸ் கதவு திறக்கிற மாதிரி. அவன் முதுகில் நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன், கவிழ்த்துப் போட்ட பெரிய வாணலிதான், ஒரு மேடு பள்ளம் கிடையாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று முதல் நாலு வரைக்கும் பரவாயில்லை. ஆறும் ஏழும் எட்டும் பரவாயில்லை. முதுகில் வெள்ளை நகப்பூச்சால் எழுதிய எண் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று தெரிகிறது, ஐந்தாவதுக்கு மட்டும் அழிந்துபோய், அந்த ஐந்தின் வயிறு மட்டும் ஒரு வளைவாக மிச்சம். துடைத்துத் துடைத்து அழிந்தது. துடைக்கவே கூடாது என்பது டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போன சொல்.

துடைப்பது எனக்குக் கையோடு வந்த பழக்கம், அதை நான் எங்கே போய்க் கழற்றி வைப்பேன். இங்கே வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் கல்யாணச் சமையல், பாத்திரம் கழுவினால் துடைத்துக் கவிழ்க்க வேண்டும், ஈர வாணலியில் எண்ணெய் விட்டால் மூஞ்சியில் தெறிக்கும், என்னிடம் வேலை பார்த்தவன் எவனும் ஈரக் கரண்டியைப் பருப்பு டின்னில் விட்டுவிட்டுத் தப்பித்ததில்லை. புகை கண்ணுக்கு ஆகாமல் போய் இந்தப் பண்ணைக்கு வந்தேன், தழை நறுக்குகிற வேலைக்கு. இந்த எட்டும் பொரித்தபோது, கன்னியப்பன் அண்ணா சுத்தமான ஆள், அவரிடம் விடுங்கள் என்று டாக்டரம்மாதான் சொன்னார். அந்தச் சொல் எனக்கு எத்தனை நாள் தித்தித்தது. அதனால்தான் தப்பு நடந்தது என்றும் தோன்றுகிறது, சுத்தம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு துடைத்திருக்க மாட்டேனோ என்னவோ. காலையில் ஊறவைப்பேன், எடுத்து ஒவ்வொன்றையும் துண்டால் துவட்டுவேன், கழுத்து இடுக்கு, தொடை இடுக்கு, வால் அடி, ஒரு சொட்டு இருக்க விட மாட்டேன், பெட்டியில் காய்ந்த மணல் போட்டு மேலே பல்ப் எரியவிட்டு, கதகதவென்று வைத்திருப்பேன். எட்டு மாதம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் டாக்டரம்மா மூன்றாவதைக் கையில் எடுத்து, முதுகில் விரலை ஓட்டி, அப்புறம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து ஓட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் நடுவில் கூம்பிக்கொண்டு வந்திருந்தது, பணியாரச் சட்டியிலிருந்து அப்படியே கவிழ்த்துப் போட்ட மாதிரி வரிசை வரிசையாக. அழகாக இருக்கிறது என்றுகூட நான் நினைத்திருந்தேன், பூ வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். "அண்ணா, காய விட்டுட்டீங்க" என்றார், அவ்வளவுதான். வளர்கிற ஓடு காய்ந்துபோனால் பரவ முடியாமல் மேலே கூம்பும், முதல் இரண்டு மூன்று வருஷம் முழுக்க ஈரத்திலேயே இருக்க வேண்டும், சாப்பாடு புல்லும் தழையுமாக இருக்க வேண்டும், மெதுவாக வளர வேண்டும். கூம்பினது இறங்காது. இனி வளர்கிறதை வேண்டுமானால் தட்டையாக வளர்க்கலாம். இறங்காது என்றால் எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் வேலிக்குப் பின்னால் கிடந்த அப்பனைக் காட்டினார், இது இருக்கிற வரைக்கும், நூற்றைம்பது வருஷம்கூட இருக்கும் என்றார். நான் செத்து, என் மகள் செத்து, அவள் பிள்ளைகளும் செத்து, அப்புறமும் யாரோ ஒருத்தன் இதன் முதுகைப் பார்த்து, எவனோ ஒரு முட்டாள் சின்னதில் கெடுத்திருக்கிறான் என்று சொல்லுவான். பெயர் தெரியாது அவனுக்கு. பெயர் தெரியாதது ஒரு நிம்மதியா இல்லை அதுவும் ஒரு கஷ்டமா, ராத்திரி படுத்தால் இதே யோசனை.

தேசிங்கு தழைக்கூடையோடு வருகிறான், காலடியைக் கேட்டாலே தெரியும், செருப்பைத் தூக்கி வைக்கவே மாட்டான், தேய்த்துக்கொண்டே வருவான். அவனிடம் இன்னொரு ஈட்டுக் குஞ்சுகள் ஆறு இருக்கின்றன, பக்கத்து அறையில். உலகத்திலேயே அவனைப் போல் சோம்பேறி கிடையாது, குழாயை இறுக மூட மாட்டான், பெட்டியில் சருகு போட்டால் அது மக்கி மண்ணாகிற வரைக்கும் அள்ள மாட்டான், அவன் அறைக்குள் போனால் மழைக்காலத்துக் கிணற்றடி வாசம், போன வருஷம் நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஆறின் முதுகும் வழுவழுவென்று இருக்கிறது, எண்ணெய் தடவின தோசைக்கல். "என்ன மாஸ்டர், பரீட்சைக்குக் குளிப்பாட்டிட்டீங்களா?" என்று கூடையை இறக்குகிறான். "உன் புள்ளைங்களைக் குளிப்பாட்டினியா நீ?" "எதுக்கு? அதுங்க எப்பவும் நனைஞ்சுதான் கெடக்குது. மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா, நான் சோம்பேறி, ஒத்துக்கறேன், ஆனா என் புள்ளைங்க முதுவைப் பாத்து எவனும் பணியாரம் எத்தினின்னு கேக்க மாட்டான்." சிரிக்கிறான். நானும் சிரித்து வைத்தேன். கூடையில் அருகம்புல், செம்பருத்தி இலை, முள்ளைச் சீவின சப்பாத்திக்கள்ளி, எல்லாம் இருக்கிறது, கணவாய் ஓடு மட்டும் இல்லை, சுண்ணாம்புச் சத்துக்கு அதைச் சுரண்டித் தூவ வேண்டும், "கணவாய் ஓடு எங்கடா?" என்றேன், "கடல் எங்க போயிடப் போவுது, அப்புறமா பொறுக்கியாந்து தரேன்" என்றான். போகிறபோக்கில் டப்பை எட்டிப் பார்த்தான். கண் ஐந்தாவதின் மேல் நின்றது. "இதுக்கு நம்பர் என்னாச்சு?" "பெயிண்ட் மட்டம்." "மத்த ஏழுக்கும் அதே பெயிண்ட்டுதானே மாஸ்டர்?" பதில் எதிர்பார்க்காமல் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டான். அவன் கேட்டதை அப்படியே டாக்டரம்மா கேட்பார். பெயிண்ட் மட்டம் என்று அவரிடம் சொல்ல முடியாது, அது அவர் வாங்கிக் கொடுத்த பாட்டில்.

மணி ஏழு பத்து. ஆறாவது தலையை நீட்டி டப்பின் சுவரை முட்டுகிறது, எட்டாவது எல்லார் மேலும் ஏறிப் போகிறது, ஐந்தாவது எப்போதும் போல் மூலையில். மாசி மாதம், டாக்டரம்மா லீவில் போன அடுத்த வாரம், பனி விடிந்தும் விலகாத ஒரு காலை, இதே முக்காலி, இதே டப்பு, ஐந்தாவது தலையைத் தூக்கியது, மூக்கில் ஒரு குமிழி. சின்னதாக, கடுகு தாளிக்கும்போது வருமே அந்த அளவு. உடைந்தது. இன்னொன்று வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் கை தானாகத் துண்டை எடுத்தது. அன்றைக்குத் துவட்டினேன். ஒரு நாள்தானே என்று துவட்டினேன். மறுநாளும் குமிழி. சளி என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குப் பதிலாக வந்திருக்கிற வேறு டாக்டர் எழுதிக் கொடுப்பார், தனிக்கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். இதற்கு முன்னால் ஒரு நட்சத்திர ஆமை அப்படிப் போனது, கோணிப்பையை விரித்த கூடையில் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், நாலாம் நாள் கூடை மட்டும் கழுவித் திரும்பி வந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, சாகிறது சாகும். ஆனால் கூடையைக் கொடுத்துவிட்ட அந்தப் பையன் சாதாரணமாகக் கொடுத்தான், நானும் சாதாரணமாக வாங்கிக்கொண்டேன், அதுதான் பிடிக்கவில்லை. அதனால் சொல்லவில்லை. மற்ற ஏழையும் உத்தரவுப்படி சொட்டச் சொட்ட ஈரத் தேங்காய் நார்த்தூளில் விட்டேன், ஒரு நாளைக்கு நாலு தடவை தெளிப்பான் வைத்து அடித்தேன், பல்புக்குக் கீழே ஈரச் சருகு போட்டேன், ஐந்தாவதை மட்டும் துவட்டி, தனியாக ஒரு பெட்டியில் காய்ந்த துணி விரித்து, பகல் முழுக்க வைத்திருந்து, சாயங்காலம் எல்லாரும் போகிற நேரத்தில் மற்றவற்றோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஆறு மாதம். குமிழி நிற்கவும் இல்லை, அதிகமாகவும் இல்லை. ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. வராத நாளில், துவட்டினதால்தான் வரவில்லை என்று நினைப்பேன். வந்த நாளில், சரியாகத் துவட்டவில்லை என்று நினைப்பேன். எந்தப் பக்கம் போனாலும் துண்டில்தான் வந்து நிற்கும்.

துண்டு என் தோளில்தான் கிடக்கிறது. என் மகள் வேதவல்லிக்கு அப்போது மூன்று வயது. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், நீங்களே தலைக்கு ஊற்றிவிடுங்கள் என்றாள், ஊற்றினேன், துவட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் வந்து ஆரன் அடித்தது, செய்யாற்றில் மறுநாள் முகூர்த்தம், அடுப்பு மூட்ட நேரமாகிவிட்டது என்று கத்தினார்கள், பாதித் தலையில் விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன், பிள்ளைக்கு நெஞ்சு கொர்கொர் என்கிறது. அன்றைக்குப் பிடித்த இழுப்பு. இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது, கோயம்புத்தூரில் மில்லில் சூப்பர்வைசர், கைப்பையில் எப்போதும் அந்த உறிஞ்சுகிற மருந்து. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பேசும்போதெல்லாம் எனக்கு வேன் ஆரன் கேட்கும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இந்த ஐந்தாவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன், வேறு யாரிடம் சொல்வது. "அப்பா, எனக்கு இருக்கறது பஞ்சு தூசியால வர்ற இழுப்பு. தாத்தாவுக்கும் இருந்துச்சு, அத்தைக்கும் இருக்கு. எத்தினி டாக்டர் சொன்னாலும் உனக்கு ஏறாது" என்றாள். "எனக்குத் துவட்டாம போனதுக்கு அந்த ஆமையைப் போட்டு ஏம்பா தேய்க்கற? அது உன்னைக் கேட்டுச்சா?" என்றாள். கேட்கவில்லைதான். ஆமை எதைக் கேட்டது. சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது, இருமலோடு வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். மூன்று வயதில் இல்லாத பஞ்சு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் தாத்தாவிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

ஏழு இருபது. நகப்பூச்சு பாட்டில் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, நாலு எட்டு தூரம். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் நான்தான் எண்ணை மறுபடி எழுதினேன். இப்போதும் எழுதிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. எண் தெரிந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது, முதுகின் கூம்பைப் பற்றிக் கேட்டால், பழைய கூம்புதான் டாக்டரம்மா, எல்லாவற்றுக்கும் இருந்ததே என்று சொல்லிவிடலாம். எழுந்தேன். ஐந்தாவதைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன், கால் நாலையும் காற்றில் துழாவியது, கழுத்து நீண்டு என் கட்டைவிரலைப் பார்த்தது. தண்ணீர் சொட்டுகிறது. ஈர ஓட்டில் நகப்பூச்சு பிடிக்காது. எழுத வேண்டும் என்றால் துடைக்க வேண்டும். துடைத்ததை மறைக்க மறுபடி துடைக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரலை அதன் முதுகில் ஓட்டினேன். மற்ற ஏழுக்கும் பழைய கூம்பைச் சுற்றி, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில், புதிதாக வளர்ந்த வெளிர் நிறப் பட்டை ஒன்று தட்டையாகப் பரவியிருக்கிறது, விரல் மேட்டிலிருந்து இறங்கி ஒரு சமதரையில் நடந்து மறுபடி ஏறும். இதற்குச் சமதரை இல்லை. இறங்கின இடத்திலேயே ஏறுகிறது. பழைய கூம்பு என்று பொய் சொன்னால் என் வாய்தான் சொல்லும், அதன் முதுகு வேறு சொல்லும், டாக்டரம்மா விரலுக்குத் தெரியாதா. முதுகு பொய் சொல்லாது என்பதில் எனக்கு ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது. திரும்ப டப்பில் விட்டேன். முக்காலியில் உட்கார்ந்தேன். சொன்னால் கொட்டகைக்குப் போகும். சொல்லாவிட்டாலும் பார்த்துவிடுவார், என்னிடமிருந்து எட்டையும் எடுத்து தேசிங்கிடம் கொடுப்பார், அவன் துவட்ட மாட்டான், அது அவற்றுக்கு நல்லதுதான், நான் மறுபடி தழை நறுக்கப் போவேன். அந்த வேலையிலும் ஒன்றும் குறைச்சல் இல்லை. கூடை மட்டும் கழுவித் திரும்பி வராமல் இருந்தால் போதும்.

ஸ்கூட்டியை நிறுத்துகிற சத்தம், அப்புறம் டாக்டரம்மா, முகம் கொஞ்சம் உப்பி, கண்ணுக்குக் கீழே கருத்து, தூக்கம் இல்லாத முகம். "எப்படி இருக்கீங்கண்ணா?" "நல்லாருக்கேம்மா. கொழந்தை?" "ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு இப்பத்தான் தூங்கறான், பெரிய ஆபீசர்." சொல்லிக்கொண்டே கையைக் கழுவி, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், பேனாவும் நோட்டும் மடியில். ஒன்றாவதை எடுத்தார். விரல் ஓடியது. "ம்." இரண்டு. "ம்." நாலாவதில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார், "பட்டை பட்டையா சமமா வந்திருக்குண்ணா." நான் சிரிக்கவில்லை. ஐந்தாவதை எடுத்தார். எண் இருந்த இடத்தைப் பார்த்தார். விரல் மேட்டிலிருந்து இறங்கி நின்றது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நான்தாம்மா தொடச்சேன். இதை மட்டும். ஆறு மாசமா" என்று சொல்லிவிட்டேன். "மூக்குல குமிழி வந்துச்சு. சொன்னா கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லலை." டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஐந்தாவதை மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தார், காதில் வைத்து மூச்சைக் கேட்டார், மூக்கை விரலால் தொட்டு, இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் டப்பில் விட்டு, "இங்க உக்காந்து பாருங்கண்ணா" என்றார். உட்கார்ந்தேன். அது தலையைத் தாழ்த்தியது, மூக்கு தண்ணீருக்குள் போனது, தொண்டை உப்பி உப்பி இறங்கியது, ஐந்து தடவை, ஆறு தடவை. நிமிர்ந்தது. மூக்கில் ஒரு குமிழி. உடைந்தது. "இது மூக்கால தண்ணி குடிக்கிற ஜாதிண்ணா. அதுங்க ஊர்ல பாறைக் குழியிலதான் தண்ணி நிக்கும், வாய் எட்டாது, மூக்கை விட்டு உறிஞ்சும். எல்லாமும் செய்யும், இது கொஞ்சம் அதிகமா செய்யுது. சளின்னா ஒட்டும், நூல் மாதிரி இழுக்கும்." நான் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றாவதும் தலையைத் தாழ்த்தியது, அதன் மூக்கிலும் ஒரு குமிழி வந்து உடைந்தது. பதினாலு மாதம் தினமும் அரை மணி நேரம் இதே முக்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடைசி ஆறு மாதம் ஐந்தாவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"இது இறங்காதில்ல?" என்றேன். "இறங்காது" என்றார். "இனிமே வளர்றது இருக்குல்ல. இது இன்னும் நூறு வருஷம் வளரணும்ண்ணா, அது பக்கத்துல நம்ம ஆறு மாசம் எம்மாத்திரம். அடுத்த தடவை பயம் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க, எந்நேரமானாலும் பண்ணுங்க, நான் எப்படியும் முழிச்சுத்தான் இருக்கேன். துண்டை எடுக்காதீங்க" என்றார். சரிம்மா என்றேன். எட்டும் என்னிடமே இருக்கப்போகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. அவர் நோட்டில் ஏதோ எழுதினார், எழுந்து அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து குலுக்கினார். "நம்பர் எழுதணும். ஈரத்துல பிடிக்காது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் துடைச்சுக் குடுங்கண்ணா." ஐந்தாவதைக் கையில் எடுத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்தேன். கழுத்து இடுக்கில் தண்ணீர் நின்றது, தொடை இடுக்கில் நின்றது, வாலில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, விழப்போவது போல் இருந்தது, விழவில்லை. துண்டின் நுனியை விரலில் சுற்றி, நடு முதுகில் ஒரே ஒரு கட்டத்தை, எட்டணாக் காசு அளவுக்கு, ஒற்றி எடுத்தேன். அவர் வெள்ளையில் ஐந்து என்று எழுதினார், ஊதினார். காய்ந்ததும் அதை அப்படியே, தண்ணீர் ஒழுக ஒழுக, நார்த்தூளில் மற்றவற்றின் நடுவில் இறக்கிவிட்டேன். அது நாலு எட்டு நடந்து ஈரச் சருகுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டது. துண்டைத் தோளில் போட்டேன். ஒரு நுனி மட்டும் ஈரமாக இருந்தது.